எத்தியோப்பியா, கென்யா: அரசு முதலீட்டு கிராஃபை எப்படிப் படிக்கறது?

ஆப்பிரிக்க பொருளாதாரம் பத்தி பேச்சு எடுத்தா யாராவது ஒருத்தர் ரெண்டு கோடு போட்ட ஒரு கிராஃபைக் கொண்டு வந்துடுவாங்க. ஒண்ணு எத்தியோப்பியா, இன்னொண்ணு கென்யா, ஓரத்துல "அரசு முதலீடு, ஜிடிபில எத்தனை சதவீதம்"னு இருக்கும் (ஜிடிபின்னா ஒரு வருஷத்துல நாட்டுக்குள்ள உருவான மொத்த மதிப்பு). உடனே ரெண்டு கட்சி. ஒரு கட்சி "பாத்தியா, அரசே இறங்கி அணையும் ரயிலும் கட்டினதாலதான் எத்தியோப்பியா பத்து வருஷம் அப்படி ஓடுச்சு"ம்பாங்க. இன்னொரு கட்சி "அப்படி ஓடித்தானே 2023 டிசம்பர்ல பாண்டுக்கு, அதாவது கடன் பத்திரத்துக்கு, வட்டி கட்ட முடியாம நின்னாங்க"ம்பாங்க. ரெண்டு பேரும் அந்தக் கோடு எதை எண்ணுது, எதை எண்ணாம விடுதுன்னு பாக்கறதில்ல. அதைப் பாத்தா பாதி சண்டை தேவையே இல்லைன்னு எனக்குத் தோணும், அதனால அடிப்படையிலேர்ந்து எழுதறேன். பொருளாதாரம் படிச்சிருக்கணும்னு இல்ல.

எதை முதலீடுன்னு எண்றாங்க

ஒரே தெருவுல ரெண்டு குடும்பம்னு வச்சுக்கங்க. அரிசி, கரன்ட் பில், ஸ்கூல் பீஸ், இதெல்லாம் மாசச் செலவு. மாடி எடுக்கறது, போர் போடறது, மாவு அரைச்சு விக்க பெரிய கிரைண்டர் வாங்கறது, இது வேற ரகம், ஏன்னா இன்னைக்கு காசு போகும், ஆனா பொருள் பல வருஷம் நின்னு வேலை செய்யும். நாட்டுக் கணக்குலயும் இதே பிரிவினைதான். ரோடு, அணை, ரயில் பாதை, ஆஸ்பத்திரி கட்டடம், மெஷின் மாதிரி வருஷக்கணக்குல உழைக்கற சொத்து மேல போற காசுக்கு மொத்த நிலை மூலதன உருவாக்கம்னு பேரு. நீளமான பேருதான், இனி நான் நிலை முதலீடுன்னே சொல்றேன். "மொத்த"ன்னு ஏன் சொல்றாங்கன்னா, பழைய சொத்து தேஞ்சு போனதைக் கழிக்காம, இந்த வருஷம் புதுசா போட்டதை மட்டும் கூட்டறாங்க.

இதுல மக்கள் தடுமாறுற இடங்கள் சில இருக்கு. டீச்சர் சம்பளத்தை அரசியல்வாதி "கல்வியில் முதலீடு"ன்னு மேடைல சொல்லுவார், கணக்குல அது செலவுதான், பள்ளிக்கூட கட்டடம் மட்டும்தான் முதலீடு. நிலம் வாங்கின காசும் இதுல வராது, ஏன்னா நிலத்தை யாரும் உற்பத்தி பண்ணல, ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் கைக்கு மாறுது அவ்வளவுதான். மொம்பாசா நைரோபி ரயிலுக்காக வீடும் வயலும் போனவங்களுக்கு கென்யா அரசு நஷ்டஈடு குடுத்துச்சு இல்லையா, அதுல நிலத்துக்கான பங்கு பிராஜெக்ட் பில்லுல இருக்கும், நிலை முதலீட்டுல இருக்காது. ஆனா பீரங்கி, போர் விமானம் எல்லாம் 2008-ல வந்த ஐநா கணக்கு முறைப்படி முதலீடுதான். எனக்கே இது கொஞ்சம் உறுத்தும், ஆனா விதி அப்படி.

அரசுன்னா யாரு? முக்கால்வாசி குழப்பம் இங்கதான்

மறுபடி அந்தத் தெருவுக்கு வாங்க. முதல் குடும்பம் வீட்டுப் பேர்ல பேங்க் லோன் போட்டு மாடி கட்டுது, வீட்டு கணக்கு நோட்டுல எல்லாம் ஏறுது. ரெண்டாவது குடும்பத்துக்கு ஒரு கடை இருக்கு, லோனைக் கடை பேர்ல எடுத்து, கடை கணக்குல குடோன் கட்டறாங்க, ஜாமீன் கையெழுத்து மட்டும் வீட்டுப் பெரியவர் போடறார். இப்ப வீட்டு நோட்டுகளை மட்டும் வாங்கி ஒப்பிட்டா முதல் குடும்பம் அள்ளி வீசற மாதிரியும் ரெண்டாவது குடும்பம் ஒண்ணுமே கட்டாத மாதிரியும் தெரியும். கட்டினது என்னவோ ரெண்டு பேரும்தான்.

நாட்டுக் கணக்குல வீட்டு நோட்டுக்குப் பேரு பொது அரசு. அதாவது மத்திய அரசு, மாநிலம், உள்ளாட்சி, சமூகப் பாதுகாப்பு நிதி எல்லாம் சேர்ந்தது. கடைக்குப் பேரு அரசு நிறுவனம். அரசுக்கே சொந்தமா இருக்கும், ஆனா பொருளையோ சேவையையோ வித்து ஓடற கம்பெனி, அதனால தனிக் கணக்கு. பொது அரசோட அரசு நிறுவனங்களையும் சேர்த்தா பொதுத்துறை. விதிப்படி பாத்தா, ஒரு கம்பெனி வசூலிக்கற கட்டணம் அதோட செலவுக்குக் கொஞ்சம்கூட சம்பந்தமில்லாத சில்லறையா இருந்தா அதைப் பொது அரசுக்குள்ளயே சேர்க்கணும். ஆனா நிறைய நாடுகள்ல கம்பெனின்னு பதிவாயிட்டா வெளிலயே விட்டுடறாங்க.

இப்ப ரெண்டு ரயிலைப் பாருங்க, இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது. கென்யா மொம்பாசாவிலேர்ந்து நைரோபிக்குப் போட்ட ஸ்டாண்டர்ட் கேஜ் பாதை 2017 மே 31-ல திறந்துச்சு. எத்தியோப்பியா அடிஸ் அபாபாவிலேர்ந்து ஜிபூட்டி துறைமுகத்துக்குப் போட்ட சுமார் 750 கிலோமீட்டர் பாதை 2016 அக்டோபர்ல திறந்துச்சு. கிட்டத்தட்ட ஒரே காலம், ரெண்டும் கடல் துறைமுகத்தோட தலைநகரைச் சேர்க்கற பாதை, ரெண்டுக்கும் பெரிய கடன் குடுத்தது சீனாவோட எக்ஸிம் பேங்க், அதாவது ஏற்றுமதி இறக்குமதி வங்கி. கட்டினதும் சீன கம்பெனிகள்தான்.

ஆனா கணக்கு ஏறின இடம் வேற. கென்யாவுல 2014-ல அந்தக் கடன்ல கையெழுத்து போட்டது நிதி அமைச்சகம். அரசு தன் பேர்ல வாங்கி ரயில்வே கார்ப்பரேஷனுக்கு மறுகடனா குடுத்துச்சு. பத்தாததுக்கு 2013-லேர்ந்து இறக்குமதி பொருள் மேல ஒன்றரை சதவீதம் ரயில்வே வரி போட்டாங்க. அதனால அந்த ரயில் பட்ஜெட்ல டெவலப்மென்ட் செலவா பளிச்சுனு தெரிஞ்சுது. எத்தியோப்பியாவுல கடன் வாங்கினது எத்தியோப்பியன் ரயில்வேஸ் கார்ப்பரேஷன்ங்கற அரசு நிறுவனம், அரசு குடுத்தது கேரண்டி மட்டும். அவங்க கடன் அறிக்கையைத் திறந்தா மத்திய அரசு கடன் ஒரு பக்கம், அரசு கேரண்டி குடுத்த கடன் இன்னொரு பக்கம்னு தனித்தனியா இருக்கும், ரயில் ரெண்டாவது பக்கம்.

ரயிலோட முடியல. நீல நைல் மேல கட்டின பெரிய மறுமலர்ச்சி அணை, 2011 ஏப்ரல்ல அப்ப பிரதமரா இருந்த மெலஸ் செனாவி அடிக்கல் நாட்டினது, 5,150 மெகாவாட், 2025 செப்டம்பர்லதான் முறைப்படி திறந்தாங்க. இந்த அணைக்குச் சொந்தக்காரர் அரசு மின்சார கம்பெனி. அரசு ஊழியர்கள் சம்பளத்துலேர்ந்து பாண்டு வாங்கினாங்க, வெளிநாட்டுல இருக்கற எத்தியோப்பியர்களும் வாங்கினாங்க, ஆனா பாரத்தைச் சுமந்தது அரசுக்குச் சொந்தமான எத்தியோப்பிய வணிக வங்கி. சர்க்கரை ஆலைகளுக்குத் தனி சுகர் கார்ப்பரேஷன். போதாததுக்கு 2011-ல இன்னொரு விதி வந்துச்சு: தனியார் வங்கி எதுவா இருந்தாலும், புதுசா குடுக்கற கடன்ல 27 சதவீதத்துக்குச் சமமான தொகைக்கு, நாட்டோட மத்திய வங்கியான தேசிய வங்கி வெளியிடற கடன் பத்திரம் வாங்கணும், அதுவும் அடிமாட்டு வட்டிக்கு. 2019-லதான் இதை எடுத்தாங்க. இந்தப் பணம் அரசோட வளர்ச்சி வங்கி வழியா பிராஜெக்டுகளுக்குப் போச்சு. வரி மாதிரியே வசூல், ஆனா பட்ஜெட்ல வரியா காட்டாது.

இன்னொரு பொறி, இதுலதான் நிறைய பேர் விழறாங்க. "தனியார் முதலீடு"ன்னு போட்டிருக்கற பல டேட்டாவுல அதை யாரும் நேரா அளக்கறதில்ல. நாட்டோட மொத்த முதலீட்டுலேர்ந்து பொது அரசு முதலீட்டைக் கழிச்சு, மிச்சத்தைத் தனியார்னு எழுதிடறாங்க. அப்ப அரசு மின்சார கம்பெனி கட்டின அணை எங்க போய் உக்காரும்? தனியார் நெடுவரிசைல. இதைத் தெரியாம "எத்தியோப்பியாவுல தனியார் முதலீடு பிரமாதம்"னு ஒருத்தர் எழுதினா அது மோசடி இல்ல, கழித்தல் கணக்கு.

கென்யா பக்கம் இதுக்கு நேர்மாறா ஒண்ணு இருக்கு. நைரோபி எக்ஸ்பிரஸ்வே, 27 கிலோமீட்டர், 2022-ல திறந்தது, சீன கம்பெனி தன் காசுல கட்டி 27 வருஷம் டோல் வசூலிச்சுக்கறதா ஒப்பந்தம். நகரத்துக்கு நடுவுல அரசு நிலத்து மேல ஓடற ரோடு, ஆனா அரசு முதலீட்டுக் கோட்டுல அது அசையவே அசையாது. துர்கானா ஏரிக்குப் பக்கத்துல 365 காற்றாலை நிக்குதே, 310 மெகாவாட், அதுவும் தனியார்தான். சர்வதேச நாணய நிதியத்தோட (ஐஎம்எஃப்) முதலீட்டு டேட்டாவுல அரசு-தனியார் கூட்டுக்குன்னு தனி நெடுவரிசை வச்சிருக்காங்க, அதைப் பாக்காம விட்டுடாதீங்க.

இதுவரை சொன்னதைச் சுருக்கினா, கென்யாவோட பெரிய வேலைகள் ஒண்ணு பட்ஜெட்ல இருக்கு, இல்லைன்னா தனியார் ஒப்பந்தத்துல இருக்கு. எத்தியோப்பியாவோட பெரிய வேலைகள்ல நிறைய அரசு கம்பெனி கணக்குல இருக்கு. பொது அரசு கோட்டை மட்டும் பாத்தா எத்தியோப்பியா இருக்கறதை விட சின்னதா தெரியும், பொதுத்துறை கோட்டைப் பாத்தா அதுவே மலை மாதிரி நிக்கும். ரெண்டு கிராஃபும் பொய் இல்ல.

டெவலப்மென்ட் பட்ஜெட் வேற, முதலீடு வேற

கென்யாவுல 2012-ல வந்த நிதி மேலாண்மைச் சட்டப்படி பட்ஜெட்ல குறைஞ்சது 30 சதவீதம் டெவலப்மென்ட்டுக்குப் போகணும். நல்ல விதிதான். ஆனா அந்தத் தலைப்புக்குள்ள ஆலோசகர் பீஸ், பயிற்சி, மானியம்னு கட்டடமா நிக்காத பல ஐட்டமும் உள்ள வந்துடும். போதாததுக்கு பட்ஜெட்ல ஒதுக்கினது ஒரு தொகை, வருஷக் கடைசியில செலவானது வேற தொகை, வெட்டு விழுந்தா முதல்ல கை வைக்கறது டெவலப்மென்ட் மேலதான் (சம்பளத்தையும் வட்டியையும் நிறுத்த முடியாதே). அதனால ஒதுக்கீட்டை எடுத்து ஒரு நாட்டுக்கும், செலவானதை எடுத்து இன்னொரு நாட்டுக்கும் போட்டா ஒப்பீடே செத்துது.

கீழ இருக்கற எண்ணும் ஆடும்

சதவீதம்னா மேல ஒண்ணு கீழ ஒண்ணு. எல்லாரும் மேல இருக்கற முதலீட்டைப் பத்தியே பேசறாங்க, கீழ இருக்கற ஜிடிபியை யாரும் சீண்டறதில்ல. ஜிடிபின்னா ஒரு வருஷத்துல நாட்டுக்குள்ள உருவான மொத்த மதிப்பு. அதை அளக்க ஒரு அடிப்படை வருஷம் வச்சிருப்பாங்க, அது பழசாகிட்டா புது கம்பெனி, புது தொழில் எல்லாம் விட்டுப் போகும், அதனால அப்பப்ப புது வருஷத்துக்கு மாத்துவாங்க. கென்யா 2014 செப்டம்பர்ல அடிப்படை வருஷத்தை 2001-லேர்ந்து 2009-க்கு மாத்துச்சு, ஜிடிபி கிட்டத்தட்ட 25 சதவீதம் பெருசாச்சு. ஒரு செங்கல் கூடக் கூடல, ஒரு வேலை கூட நிக்கல, ஆனா 100-க்கு 5-னு இருந்த விகிதம் 125-க்கு 5 ஆகி 4 சதவீதமா இறங்கிடும். பழைய அறிக்கைலேர்ந்து கொஞ்சம், புது அறிக்கைலேர்ந்து கொஞ்சம்னு எடுத்து ஒரே கோடா ஒட்டினா "2014-ல கென்யா முதலீட்டைக் குறைச்சுட்டாங்க"ன்னு தெரியும். சும்மா கீழ இருந்த எண் மாறினதுதான். கென்யா 2021-ல மறுபடியும் ஒரு தடவை மாத்துச்சு, இப்ப அடிப்படை வருஷம் 2016.

விலைவாசியும் இதே வேலையைச் செய்யும். அந்தந்த வருஷத்து விலைல எழுதினா நடப்பு விலைக் கணக்கு, ஒரே வருஷத்து விலைக்கு எல்லாத்தையும் மாத்தி எழுதினா நிலை விலைக் கணக்கு. எத்தியோப்பியாவுல 2011-லயும் 2022-லயும் பணவீக்கம் 30 சதவீதம் தாண்டுச்சு. அவங்க நாணயமான பிர் கணக்குல முதலீடு கூடியிருக்குன்னு பாத்து சந்தோஷப்படறதுக்கு முன்னாடி சிமென்ட் விலை எவ்வளவு கூடுச்சுன்னு கேக்கணும்.

சரி, டாலருக்கு மாத்திப் பாக்கலாம்னா அங்கயும் வம்பு. 2024 ஜூலை கடைசியில எத்தியோப்பியா பிர்ரோட மதிப்பை சந்தைகிட்ட விட்டுச்சு, அதுவரை டாலருக்கு 57 பிர் மாதிரி இருந்தது சில வாரத்துல 100 தாண்டுச்சு. டாலர்ல பாத்தா முதலீடு பாதியா சுருங்கின மாதிரி இருக்கும், தரைல அப்படி எதுவும் நடக்கல. இதுக்காகத்தான் வாங்கும் சக்தி சமநிலைன்னு ஒரு மாற்று விகிதம் இருக்கு, உள்ளூர்ல அந்தக் காசுக்கு எவ்வளவு வாங்க முடியும்னு பாத்து மாத்தறது. கூலிக்கும் மணலுக்கும் அது சரியா வரும், ஆனா அணையோட டர்பைனும் ரயில் இன்ஜினும் டாலர் குடுத்துதான் வாங்கணும், அதனால அதையும் முழுசா நம்பிட முடியாது.

ஆக, கோடு திடீர்னு ஏறினாலோ இறங்கினாலோ முதல்ல ஜிடிபி, விலைவாசி, நாணயம் மூணையும் பாருங்க. கட்டுமானம் கூடுச்சா குறைஞ்சுதாங்கறது அதுக்கு அப்புறம்.

காலத்தை ஒட்டறதுல இருக்கற சிக்கல்

எத்தியோப்பியாவோட நிதியாண்டு ஜூலை 8-ல தொடங்கும், அவங்க தேசியக் கணக்கும் அந்த ஆண்டுபடிதான். கென்யாவோட தேசியக் கணக்கு ஜனவரி டிசம்பர், பட்ஜெட் ஜூலை ஜூன். அதனால டேட்டாவுல ரெண்டுலயும் "2015"னு போட்டிருந்தாலும் ஒரே பன்னிரண்டு மாசம் இல்ல, பாதி நழுவியிருக்கும். எத்தியோப்பியாவோட உள்ளூர் ஆவணம் கைக்கு வந்தா இன்னும் உஷாரா இருக்கணும், அவங்க நாட்காட்டி நம்ம ஆங்கில வருஷத்தை விட ஏழெட்டு வருஷம் பின்னாடி ஓடும்.

நீளமா பின்னாடி போகணும்னு ஆசைப்படறவங்களுக்கு வேற பள்ளம் இருக்கு. எரித்திரியா தனி நாடானது 1993-ல, அதுக்கு முன்னாடி எத்தியோப்பியான்னா எந்த நிலம்னு டேட்டாவோட குறிப்பைப் படிச்சாதான் தெரியும். கென்யாவுல 2010 அரசியல் சட்டத்தால 2013-லேர்ந்து 47 கவுன்டி (மாவட்டம் மாதிரி) அரசுகள் வந்து ஆரம்ப சுகாதாரம், உள்ளூர் ரோடு எல்லாம் அவங்க கைக்குப் போச்சு. நைரோபில இருக்கற மத்திய அரசு கணக்கை மட்டும் வச்சு கோடு போட்டா 2013-க்கு அப்புறம் நடந்த கவுன்டி வேலை எதுவும் தெரியாது. தலைக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாக்கலாம்னு நினைச்சா, எத்தியோப்பியாவுல கடைசியா மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2007-ல, கென்யாவுல 2019-ல.

காசு போச்சு, பொருள் வந்துதா?

நிலை முதலீடு எண்றது வரவை, இருப்பை இல்ல. ஒவ்வொரு வருஷமும் போட்டதை அடுக்கி, தேய்மானத்தைக் கழிச்சா வர்றது மூலதன இருப்பு. அந்த இருப்புலயும், போட்ட காசு அத்தனையும் பொருளா மாறிடுச்சுன்னு ஒரு நம்பிக்கை உள்ள ஒளிஞ்சிருக்கு. சர்வதேச நாணய நிதியம் 2015-ல பல நாடுகளை அலசி, சராசரியா 30 சதவீதம் பலன் திறமைக்குறைவால வீணாகுதுன்னு சொல்லுச்சு.

ரெண்டு நாட்டுலயும் இதுக்குக் கதை இருக்கு. எத்தியோப்பியாவுல ராணுவத்தோட சேர்ந்த மெடெக்ங்கற இன்ஜினியரிங் கார்ப்பரேஷன்கிட்ட சர்க்கரை ஆலைகளையும் அணையோட மின் இயந்திர வேலையையும் குடுத்தாங்க, வேலை இழுத்துக்கிட்டே போய் 2018-ல அணை வேலையை அவங்ககிட்டேர்ந்து பிடுங்கினாங்க. கென்யாவுல அரோர், கிம்வாரெர்னு ரெண்டு அணைக்கு முன்பணம் போச்சு, அணை வரல, 2019-ல வழக்கு போட்டாங்க, 2023 டிசம்பர்ல குற்றம் சாட்டப்பட்டவங்க விடுதலையாயிட்டாங்க. தேசியக் கணக்கு முறைல முடிஞ்ச வேலையைத்தான் எண்ணணும், ஆனா பட்ஜெட்ல பணம் வெளிய போன அன்னைக்கே முதலீடுன்னு ஏறிடுது.

போரும் இதே மாதிரி கண்ணுக்குத் தெரியாது. எத்தியோப்பியாவோட வடக்குல டிக்ரே போர் 2020 நவம்பர்லேர்ந்து 2022 நவம்பர் வரைக்கும் நடந்துச்சு, ஆஸ்பத்திரி, பாலம், தொழிற்சாலைன்னு நாசமானது ஏராளம். இந்த அழிவு முதலீட்டுக் கோட்டுல கழியவே கழியாது, அது வேற ஒரு கணக்குல "இதர மாற்றம்"னு போகும். உடைஞ்சதைத் திரும்பக் கட்டும்போது மட்டும் புது முதலீடா கூடும்! தெருக் குடும்பம் இடிஞ்ச மாடியைத் திரும்பக் கட்டினதை எல்லாம் முன்னேற்றம்னு எழுதிக்கற மாதிரி.

கடன் மட்டும் வீட்டுக்கு வந்துச்சு

எத்தியோப்பியாவுல 2018-க்கு அப்புறம் நடந்தது எனக்கு ரொம்ப சுவாரஸ்யமான பகுதி. அரசு கம்பெனிகளால கடனைக் கட்ட முடியல, அணைல கரன்ட் இன்னும் வரல, சர்க்கரை ஆலை பாதில நிக்குது, ரயில் எதிர்பார்த்த சரக்கை இழுக்கல. 2018-ல பிரதமரான அபிய் அகமதோட அரசு, கடன்களையும் சொத்துகளையும் நிர்வகிக்கன்னே ஒரு கார்ப்பரேஷன் தொடங்கி அந்த நிறுவனங்களோட கடனை அதுக்கு மாத்துச்சு. அதுலயும் தீரல, கடைசியில வணிக வங்கியைக் காப்பாத்த அரசே பாண்டு குடுக்க வேண்டியதாச்சு. இப்ப கணக்கைப் பாருங்க. 2011-லேர்ந்து 2018 வரைக்கும் கட்டின அணையும் ஆலையும் பொது அரசு முதலீட்டுக் கோட்டுல ஏறவே இல்ல. அதுக்கான கடன் மட்டும் பத்து வருஷம் கழிச்சு பொது அரசு கடன் கோட்டுல ஏறுது. ரெண்டு கோட்டையும் ஒண்ணா வச்சுப் பாக்கறவர் "முதலீடே பண்ணாம இவ்வளவு கடன் எப்படி, எல்லாத்தையும் தின்னுட்டாங்களா"ன்னு கேப்பார். 2014 டிசம்பர்ல வித்த 100 கோடி டாலர் யூரோபாண்டும் (வெளிநாட்டு முதலீட்டாளர்கள்கிட்ட டாலர்ல வித்த கடன் பத்திரம்) இந்த வழிலதான் அரசு கம்பெனிகளுக்கு மறுகடனா போச்சு. 2023-ல வட்டி தவறினது அதே பாண்டுக்குத்தான், தவறின தொகை வெறும் 3.3 கோடி டாலர்.

கென்யால கடன் முதல்லயே அரசு பேர்ல இருந்ததால இந்த அதிர்ச்சி இப்படி வரல, நேரா வட்டிச் சுமையா வந்துச்சு, வரி கூட்டப் போய் 2024 ஜூன்ல நிதி மசோதாவுக்கு எதிரா இளைஞர்கள் தெருவுக்கு வந்தாங்க.

அப்ப எந்த நம்பரை எடுக்கறது?

என்ன தெரிஞ்சுக்கணும்னு பொறுத்தது. பட்ஜெட் மேல எவ்வளவு பாரம்னு பாக்கணும்னா பொது அரசு நிலை முதலீடு போதும். நாட்டுல அரசோட கை எவ்வளவு தூரம் நீளுதுன்னு பாக்கணும்னா அரசு நிறுவனங்களைச் சேர்த்தாகணும், எத்தியோப்பியாவுக்கு இது இல்லாம பேசவே கூடாது. மொத்தமா எவ்வளவு கட்டினாங்கன்னா நாட்டோட மொத்த நிலை முதலீட்டைப் பாருங்க, அங்க எல்லைப் பிரச்சனையே இல்ல: 2010-களோட நடுவுல எத்தியோப்பியா ஜிடிபில மூணுல ஒரு பங்குக்கு மேல போட்டுச்சு, கென்யா அஞ்சுல ஒரு பங்கு பக்கம்.

பழகிப் பாக்க ஒரு கேஸ் வேணும்னா எத்தியோப்பியாவோட வொலாய்ட்டா சோடோவிலேர்ந்து கென்யாவோட சுஸ்வா வரைக்கும் போற மின்தடத்தை எடுத்துக்கங்க. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல நீளம், 2022 நவம்பர்ல 200 மெகாவாட்டோட ஆரம்பிச்சு எத்தியோப்பியா அது வழியா கென்யாவுக்கு கரன்ட் விக்குது. எத்தியோப்பியா பக்கத்து கம்பத்துக்குச் சொந்தக்காரர் அரசு மின்சார கம்பெனி. கென்யா பக்கத்து கம்பமும் அரசு கம்பெனியோடதுதான், ஆனா அதுக்குப் பணம் எரிசக்தி அமைச்சகத்தோட டெவலப்மென்ட் பட்ஜெட் வழியா வருது. ஒரே தடம், ஒரே சமயத்துல கட்டினது. இதை எந்த நாட்டோட எந்த நெடுவரிசைல போட்டிருக்காங்கன்னு நீங்க வச்சிருக்கற டேட்டாவோட அடிக்குறிப்புல தேடிப் பாருங்க.